பூத்த மரத்துக்கிட்ட எறக்கி விடுப்பா

சின்னாளப்பட்டி பஸ் நாகல் நகரைத் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா கண்டக்டரிடம், "தம்பி, அந்தப் பூத்த புங்க மரத்துக்கிட்ட எறக்கி விடுப்பா" என்றார். அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு தூக்குச்சட்டி.

அவருக்குப் பக்கத்தில் இருந்த நடுத்தர வயதுப் பெண் சிரித்துவிட்டார். "அங்க யாரு இருக்கா, அக்கா?"

"யாருமில்ல. கம்மாக்கரையில உக்காந்து சாப்ட்டுட்டு, செத்த நேரம் நடந்துட்டு வருவேன். பங்குனி பொறந்ததுலருந்து தெனமும் வாரேன்."

"தனியாவா?"

"வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் வீட்ல ஒரு வாய் எறங்க மாட்டேங்குது தாயி. இங்க உக்காந்தா பூ உதுந்து சோத்துல விழும். அதைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கிட்டே அம்புட்டையும் சாப்ட்டுருவேன்."

"நாளைக்கும் வருவீகளா?"

"பூ இருக்க மட்டும் வருவேன்."

பஸ் நின்றது. அவர் இறங்கி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் ஏறினார். அந்தப் பெண் ஜன்னலோரம் நகர்ந்து, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் வீட்ல யாருமில்லக்கா" என்றார், மெதுவாக.

அதற்குள் பஸ் வேகமெடுத்திருந்தது.