ரெண்டாவது எலி

டார்ச்சக் கீழ வை. மூஞ்சிக்கு அடிக்காத... ம். இன்னும் கிட்ட வாங்க, சத்தமாச் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். குடோனுங்களுக்குப் பின்னாடி போற ரோடு. ஒரு பக்கம் நீளமா மதில், இன்னொரு பக்கம் வெறும் பொட்டல். லைட் கம்பம் இருக்கு, லைட் இல்ல. அந்த ரோட்டுல ஒருத்தன் பஞ்சரான வண்டியத் தள்ளிட்டு வரான். என் ஃப்ரெண்டோட மாமா பையன். ஏசி மெக்கானிக். எல்லாரும் ஐஸுன்னு கூப்பிடுவாங்க. ஆளு என்னமோ தொட்டா சுடும், அது வேற விஷயம்.

ரோட்டுக் கோடியில கடைசி வீடு அவனோடது. வீடு கண்ணுல படறதுக்கு முன்னாடியே காதுல விழுந்துச்சு.

டிங்... டிடிங்... டிங்.

அப்படியே நின்னுட்டான். அந்தச் சத்தத்த வரவைக்கத்தான் வாரக்கணக்கா உசுர விட்டுட்டிருந்தான். வரவே இல்ல. அன்னிக்குக் காலையிலதான் "போய்த் தொலை"ன்னு லேப்டாப்ப மூடிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

இருங்க, என்ன சத்தம்னு சொல்லணும்ல.

ஐஸோட அப்பாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. பிசியோதெரபி பண்ற அம்மா வந்து ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொல்வாங்க, அவரு கீழ உருட்டி விட்டுடுவாரு. ஒருநாள் ஐஸு பொண்டாட்டி அலமாரிய ஒழிக்கறப்ப ஒரு பழைய சிடி விழுந்துச்சு. எலி கேம். பூமிக்கு அடியில வெள்ளை எலி ஒண்ணு, கறுப்பு எலி ஒண்ணு, வளை தோண்டிட்டுப் போகும். ஒரு எலி பலகை மேல நின்னாத்தான் இன்னொண்ணுக்கு டிங் டிடிங்னு கதவு திறக்கும். தனியா ஆடவே முடியாது.

அப்பா அந்த சிடியையே பார்த்தாரு. வலது கை சுண்டுவிரல்... லேசா அசைஞ்சுச்சு.

"இதப் போட்டுக் குடுங்களேன்"னு பிசியோ அம்மா சொன்னாங்க. "விரல் தானா வேலை செய்யும்."

ஐஸுக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். ஏன்னா, சின்ன வயசுல அந்த கேமை அப்பாவும் அக்காவும்தான் ஆடுவாங்க. அப்பா வெள்ளை, நெயில் பாலிஷ் காயறதுக்குள்ள ஓடி வந்து உட்கார்ற அக்கா கறுப்பு. இவன் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கணும். அக்கா காலேஜ் முதல் வருஷம் படிக்கறப்ப காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம் அப்பா அந்த கேமைத் தொடவே இல்ல. இப்ப கறுப்பு எலி தனக்குத்தான்னு இவன் நினைச்சுக்கிட்டான்.

ஆனா கேம் ஏறணுமே!

புது லேப்டாப்புல சிடி போட இடமே இல்ல. தனியா ஒரு டிரைவ் வாங்கிட்டு வந்தான். போட்டா, "இந்த ஆப் உங்கள் கணினியில் இயங்காது". அவ்வளவுதான். ஏன் இயங்காது? சொல்லாது. மவுஸ்ல வலது பட்டனைத் தட்டி, பழைய சிஸ்டம் மாதிரி நடிக்கச் சொல்லுன்னு யாரோ சொன்னாங்க. நடிச்சுது. திரை பச்சையாகி, சவ்வு மாதிரி இழுத்துட்டு நின்னுச்சு. இன்டர்நெட்ல தேடினா, என்னிக்கோ ஒருத்தன் இதே கேள்வியக் கேட்டிருக்கான். கீழ ஒருத்தரும் பதில் போடல. கடைசியில அவனே "சரியாயிடுச்சு, நன்றி"ன்னு எழுதிட்டுப் போயிட்டான். எப்படிடா சரியாச்சு? அத மட்டும் சொல்லல. அவன் மட்டும் ஐஸு கையில கிடைச்சிருந்தா...

சர்வீஸ் கடைக்காரர் சிரிச்சாரு. "பழைய கேம் பேசற பாஷை புது சிஸ்டத்துக்குப் புரியாதுங்க. உள்ளயே ஒரு பழைய சிஸ்டத்த ஏத்தி, அதுக்குள்ள கேமைப் போடணும்."

அதையும் பண்ணான். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர். கேம் ஏற ஆரம்பிச்சுது. நீலக் கோடு நகருது... நகருது... தொண்ணூத்தொம்பது பர்சென்ட்ல நிக்குது. திரும்பப் போட்டான், தொண்ணூத்தொம்பது. சிடியத் துடைச்சுப் போட்டான். தொண்ணூத்தொம்பது! டிரைவ் மட்டும் உள்ள "கர்... கர்..."னு எதையோ பிராண்டிட்டே இருக்கும். அப்பா கட்டில்ல இருந்து பார்த்துட்டே இருப்பாரு. அந்தப் பார்வைதான் அவனைக் கொன்னுச்சு.

சரி... இப்ப அந்த சாயங்காலத்துக்கு வாங்க.

வண்டியப் போட்டுட்டு உள்ள ஓடினான். அப்பா நாற்காலியில உட்கார்ந்திருக்காரு. முன்னாடி லேப்டாப். வெள்ளை எலி ஓடுது. கறுப்பு எலி போய்ப் பலகை மேல நிக்குது. கதவு திறக்குது. டிங்... டிடிங்...

பக்கத்துல... யாரும் இல்ல.

பொண்டாட்டி மொட்டை மாடியிலருந்து துணியோட இறங்கி வந்தா. "அட, ஏத்திட்டீங்களா?"

"நான் எங்க ஏத்தினேன்? நீ ஏத்தலையா?"

"எனக்கு அதை ஆஃப் பண்ணவே தெரியாதுங்க."

ரூம்ல ஒரு வாசனை. நெயில் பாலிஷ். இப்பத்தான் போட்டு, இன்னும் காயாத மாதிரி. பொண்டாட்டி நகத்தைப் பார்த்தான். வெறும் நகம்.

சரி, கம்ப்யூட்டரே தானா ஆடுது போலன்னு மனசத் தேத்திக்கிட்டு, ஐஸு பக்கத்துல உட்கார்ந்தான். கறுப்பு எலியோட பட்டன்ல கைய வெச்சான். அழுத்தறான், எலி கேக்கல. இடதுன்னா வலது போகுது. அப்ப அப்பா கை தூக்கினாரு. வலது கை! அத்தனை மாசமா அசையாத கை... மெதுவா வந்து, ஐஸோட விரலைப் பட்டன்லருந்து தள்ளி விட்டுச்சு.

அதுக்கப்புறம் தினமும் இதேதான். கை நல்லா வந்துச்சு. பிசியோ அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா மனுஷன் சோறு திங்கல. யார் முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கல. பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு வெச்சுக்கிட்டு, அதைப் பார்த்துச் சிரிப்பாரு. ஐஸு அதுல உட்காரப் போனா, முனகுவாரு. கன்னம் ஒட்டிப் போச்சு.

"அதை எடுத்துடுங்க"ன்னா பொண்டாட்டி. "மாமா நம்மகிட்ட இல்லைங்க."

எடுக்கலாம்னு உட்கார்ந்தா... போட முடியாத கழுதை, இப்ப எடுக்கவும் முடியல! கேம் எந்த லிஸ்ட்லயும் இல்ல. தேடினா பேரே வரல. ஆனா திரையில ஓடுது. கடுப்பாகி, மொத்தமா அணைச்சுடலாம்னு பட்டனைத் தட்டினான். ஒரு பெட்டி வந்துச்சு.

"இந்தக் கணினியை இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது அணைத்தால் அவர் செய்தவை இழக்கப்படலாம்."

ஐஸு ரொம்ப நேரம் அதையே பார்த்தான். அப்புறம்... அணைச்சுட்டான்.

அப்பா கறுத்துப் போன திரையையே பார்த்தாரு. வலது கை மேசையிலருந்து நழுவி, தொங்கிச்சு. அவ்வளவுதான். பிசியோ அம்மா எவ்வளவோ பண்ணிப் பார்த்தாங்க, கை எழும்பவே இல்ல. தண்ணி குடுத்தா கடைவாயில வழிஞ்சுது.

ஐஸு பயந்து போய் லேப்டாப்பைத் திரும்ப ஆன் பண்ணினா, கேமே இல்ல; எல்லாத்தையும் முதல்லருந்து ஆரம்பிச்சான். அதே டிரைவ், அதே சிடி. வேலைக்குப் போகல. தொண்ணூத்தொம்பது. "ஏறித் தொலையேன்!"னு மேசையக் குத்தினான். "அக்கா, வந்துடுக்கா, நான் தொட மாட்டேன்"னு கெஞ்சினான். பெரிய ஆம்பளை, லேப்டாப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

தொண்ணூத்தொம்பது.

அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. விடியக்காலம் போயிட்டாரு. பொண்டாட்டிய அங்க உட்கார வெச்சுட்டு, அவருக்கு வேட்டி சட்டை எடுக்க ஐஸு மட்டும் வீட்டுக்கு வந்தான். பூட்டுன வீடு. பூட்டத் திறந்தான்.

டிங்... டிடிங்... டிங்.

அப்பா ரூம் கதவு பாதி திறந்திருக்கு. வாசனை குப்புன்னு வந்துச்சு. வீட்டு வாசல்லயே நின்னு பார்த்தான். கறுப்பு எலி பலகை மேல நிக்குது. வெள்ளை எலி ஓடுது, தடுக்காம, கொஞ்சமும் தயங்காம... பட்டனுங்க தடதடன்னு தானா அமுங்கி எழும்புது. ரெண்டு நாற்காலியும் மேசைக்கிட்ட நெருக்கமா இழுத்துப் போட்டிருக்கு.

"அப்பா"ன்னான்.

சத்தம் நின்னுச்சு. எலி ரெண்டும் நின்னுடுச்சு.

ஓடிப் போய்க் கதவைத் தள்ளறதுக்குள்ள... அவன் கை படல. கதவு தானா சாத்திக்கிச்சு.

அப்புறம் உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்துச்சு.

டக்.