அப்பாவுக்கு ஒரு மெட்டல் டிடெக்டர்

— கடைக்காரர் பெரிய வட்டு வச்சதைத்தான் எடுக்கச் சொன்னார், ஆழத்துல கிடக்குறதையும் பிடிக்குமாம். நான்தான் வேணாம்னுட்டேன். உங்க தோள்பட்டைக்கு அது ஆகாதுப்பா. இதைத் தூக்கிப் பாருங்க.

— ம்.

— ‘ம்’னா? கனமா, லேசா?

— லேசுதாம்மா.

— மத்ததுல எல்லாம் வரிசையா பட்டன். இதுல ஒரே ஒரு திருகுதான். வாங்க, தோட்டத்துக்குப் போகலாம்.

— நாளைக்குப் பாக்கலாமே.

— நாளைக்கு எனக்கு ரயில். அம்மா போனதுலேர்ந்து நீங்க வாசப்படி தாண்டினீங்களா? குளிங்கன்னே பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கு. உங்களை இப்படியே விட்டுட்டு எப்படிப்பா கிளம்புறது? பேசாம டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடவா?

— வேலை?

— போனா போகட்டும். இதுக்கு மேல லீவு தர மாட்டாங்க.

— வேணாம். ஷூ எங்க வச்சே?

— ஷூ வேணாம்பா. அதுல இருக்குற ஆணிக்கே மெஷின் கத்தும். ரப்பர் செருப்பு போதும். போனையும் இங்கயே வச்சிடுங்க.

— காலமெல்லாம் பஸ்ஸுல சில்லறைக்கு அடிச்சுக்கிட்டவன் நான். ரிட்டயர் ஆனப்புறமும் சில்லறை தேட விடுறியே.

— அப்பாடா, வாயைத் திறந்துட்டீங்க!

— நம்ம தோட்டத்துல என்ன புதையலா இருக்கப் போகுது?

— நமக்கு முன்னாடி எத்தனை குடும்பம் இருந்த வீடு. பையிலேர்ந்து விழுந்த காசு இருக்காதா? இங்க பழகிட்டீங்கன்னா அப்புறம் மைதானம், பூங்கான்னு போகலாம். கடையில உங்க வயசுல ஒருத்தர் இருந்தார். அவரும் கூட்டாளிங்களும் லீவு நாள்ல இதைத் தூக்கிக்கிட்டுக் கூட்டமாக் கிளம்பிடுறாங்களாம்.

— சரிம்மா.

— வட்டைத் தரையை ஒட்டியே பிடிங்க. மெதுவா இந்தப் பக்கம், மெதுவா அந்தப் பக்கம். பெருக்குற மாதிரி கடைசியில தூக்கிடக் கூடாது.

— நான் எங்க பெருக்கினேன். எல்லாம் உங்கம்மாதான். சொல்லு, அப்புறம்?

— ஆணின்னா கரகரன்னு கேக்கும். காசுன்னா கணீர்னு. ஹெட்ஃபோனை மாட்டிக்குங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும். திருகை வலப்பக்கம் திருப்பினா ஆன்.

— ஆச்சு. போலாம் ரைட்.

— அந்தப் பக்கம் வேணாம்பா, வெறும் கல்லு. மரத்தடியில ஆரம்பிங்க. ஆங், அப்படித்தான். ஏன் நின்னுட்டீங்க? கேக்குதா?

— ம். இங்க.

— கரகரவா, கணீரா?

— கணீர்.

— தோண்டுங்க, தோண்டுங்க! வேர் மேல குத்திடாதீங்க.

— காசு.

— அப்பா! முதல் நாளே! பாத்தீங்களா, கண்டக்டர் கைக்குக் காசு தானா வருது.

— குழாய்ப் பக்கமும் ஒண்ணு இருக்கும் போல.

— அங்கயும் கணீரா?

— கணீர்தான். இந்தா.

— பிடிச்சிருக்காப்பா?

— பிடிச்சிருக்கு. இனிமே சாயங்காலமானா இதோட இறங்கிடுவேன். பொழுது போயிடும். நீ போய்ப் பெட்டியைக் கட்டு.

— நிஜமா?

— நிஜமாத்தான்.

— கட்டுறேன். அதுக்கு முன்னாடி நானும் அந்தச் சத்தத்தைக் கேக்கணும். குடுங்க. காசைக் கீழ போட்டுட்டேன், இப்ப வட்டை மேல கொண்டு வரேன்... என்னப்பா, ஒண்ணுமே கேக்கலை?

— விடும்மா. வெயில் ஏறுது.

— இருங்க. திருகு இன்னும் இடப்பக்கமே நிக்குது. நீங்க மெஷினை ஆன் பண்ணவே இல்லையா? அப்பா, காசு இருக்குற இடம் எப்படித் தெரிஞ்சுது?

— விடியக்காலையில நீ ஒண்ணொண்ணாப் புதைச்சதை ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னும் மூணு பாக்கி. அதையும் எடுத்துக் காட்டிடுறேன், நீ போயிட்டு வாம்மா.