ஆடாமல் கிடந்த பை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் கண்ணயர வேண்டும், ஐயா. இதை யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள்.

ரத்த வங்கியில் என் மேசைக்குப் பக்கத்தில்தான் அந்த ஆட்டும் இயந்திரம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் பைகளை அதன் தட்டுகளில் படுக்கவைத்து ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் கெடும். அசையாமல் விட்டால் மூச்சுமுட்டிப் புளித்துப்போகும். மாப்பிள்ளை உபசாரம்தான். எனக்கோ ஒரு தலையணைக்கு வழியில்லை. போதாக்குறைக்கு அது கிறீச் கிறீச்சென்று காதைக் குடைந்தது. எண்ணெய் போடச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆகவே மதியம் அதை அணைத்துவைப்பேன். அலாரத்தின் வாயையும் அடைப்பேன். தேநீர் வரும்போது திரும்பப் போட்டுவிடுவேன். சில நாள் மறந்தும் போவேன், மனிதன்தானே.

வார்டு நர்ஸ் ஒருத்திக்குக் கழுகுக் கண். பையை வெளிச்சத்தில் தூக்கி லேசாக அசைப்பாள். நல்ல பிளேட்லெட் என்றால் உள்ளே மேகம்போல் மினுமினுத்துச் சுழலும்.

"அண்ணா, இதுல மினுமினுப்பே இல்லையே?"

"உங்க வார்டு டியூப்லைட் அழுது வடியுதும்மா. முதல்ல அதை மாத்தச் சொல்லு."

சிரித்துவிட்டாள். எனக்கும் அவளைப் பிடிக்கும். ஆனாலும், இன்னொரு முறை இப்படி இருந்தால் பெரிய டாக்டரிடம் காட்டுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த முறை நோயாளியின் தங்கையாக வந்து நின்றாள். அவள் அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய். மூக்கில் வழியும் ரத்தம் நிற்கவில்லை.

"நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

தட்டில் இரண்டு பைகள். ஒன்று அன்று காலையில் வந்தது. மற்றது, நான் இயந்திரத்தைப் போட மறந்த விடுமுறை முழுக்க ஆடாமல் கிடந்தது. உள்ளே திரிதிரியாகத் தெரிந்தது. பழையதை முதலில் கொடுப்பதுதான் முறை. புதியதை எடுத்தால், பழையதற்கு என்ன கேடு என்று கேட்பாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள்.

பழையதைக் கொடுத்தேன். அவளுக்குக் கண் நிறைய நீர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

பை ஏறியதும் அவனுக்கு உடம்பு தூக்கிப்போட்டதாம். ரத்தமும் நிற்கவில்லை. இன்னொன்று கேட்டு ஓடிவந்தாள். மற்றது வேறு வார்டுக்குப் போய்விட்டது, இருப்பில்லை என்றேன். இரண்டாவது பை வேலை செய்துவிட்டால், முதலாவதைப் பற்றி ஊரே பேசாதா?

பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

நல்ல பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே என்கிறீர்கள். இருந்தது. தெரிந்தேதான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள், நீங்களே சொல்லுங்கள்?