கொரியாவுக்குப் போன மனுசன்

இல்லை, எனக்குப் பின்னால ஒருத்தரும் வரேல்லை. நான் மட்டுந்தான். கதவைச் சாத்திப்போட்டன், இனி எட்டி எட்டிப் பாக்காதேங்கோ, கழுத்து உளுக்கிப் போடும். என்ன, டொக்டரோ? நானோ? டொக்டர்மார் இப்பிடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு, சவரம் செய்யாத தாடியோட வருவினமோ? நான் கொரியாவில இருந்து வாறன். ஏர்போட்டில இருந்து பஸ், பேந்து மெட்ரோ, லொங்குய் ஸ்டேசனில இறங்கி நேரா இஞ்சதான். வீட்டை இன்னும் போகேல்லை.

ஓம், அதே கொரியாதான். உங்கட மனுசன் போயிருக்கிறார் எண்டு சொல்லுறியளே, அதே கொரியா. கண்டனானோ எண்டோ? பொறுங்கோ, சொல்லுறன். அதுக்கு முதல் இந்தக் கரண்டியை வாங்குங்கோ. அவர் வந்தாப் பிறகுதான் சாப்பிடுவன் எண்டு எத்தினை நாளைக்கு இப்பிடி வாயை மூடிக்கொண்டு கிடக்கப் போறியள்? உங்களைப் பாக்கிற நேர்ஸ் பிள்ளை வாசல்ல வைச்சே சொல்லிப்போட்டுப் போகுது, தண்ணியும் ரெண்டு வாய்தானாம். குழாய் விட்டுச் சாப்பாடு குடுக்கிற நிலையில உடம்பு இல்லையாம், வாயால போனால்தான் உண்டாம். அதுக்கும் கனநாள் இல்லையாம். எங்க, ஆ காட்டுங்கோ… வேண்டாமோ? சரி. வைச்சிருக்கிறன். கோவிக்காதேங்கோ.

அக்கா எண்டு கூப்பிடட்டாமோ? அப்பிடி மட்டும் கூப்பிட மாட்டன். நீங்கள் என்ன சொன்னாலும் சரி. எனக்கு உங்களை விட வயசு கூட, பாத்தாத் தெரியேல்லையோ? ஒண்டும் சொல்லிக் கூப்பிடாமலே கதைக்கிறன். கேளுங்கோ.

பூசான் எண்டு ஒரு கடற்கரைப் பட்டினம். நீங்கள் டிவியில பாக்கிற கொரியன் நாடகங்களில வாற இடந்தான். அந்தச் சனம் அழுதழுது நூடில்ஸ் சாப்பிடுவினம், என்ன? நான் போன இடத்தில ஒருத்தரும் அழேல்லை. சாப்பிடுறது மட்டும் உண்மை. அப்பிடிச் சாப்பாடு. மேசையில கோப்பை வைக்க இடமில்லாமல் சின்னச் சின்னத் தட்டில எல்லாம் வரும். ஆனால் தனி ஆளுக்குத் தரமாட்டினம், அதுதான் பிரச்சினை. சட்டியில வைக்கிற சாப்பாடு எண்டால் ரெண்டு பேருக்குத்தானாம். முதல்நாள் ஒரு கடையில ஒற்றை விரலைக் காட்டி, தலையை ஆட்டி அனுப்பிப் போட்டினம். எனக்கு விசர் வந்தது. இந்த வயசில, மழைக்குள்ள, சாப்பிட ஆள் துணை இல்லையெண்டு ஒருத்தன் பட்டினி கிடக்கிறதோ?

அடுத்த கடையில ஒரு மனுசி. கட்டை ஆள், சுருட்டைத் தலைமயிர், முகத்தில சிரிப்பே இல்லை. அவவும் ஒற்றை விரலைத்தான் காட்டினா. நானும் ஒற்றை விரலைக் காட்டினன். கொஞ்சநேரம் என்ர நனைஞ்ச சப்பாத்தைப் பாத்தா. பேந்து உள்ளுக்குப் போய், ரெண்டு கிண்ணம், ரெண்டு கரண்டி கொண்டுவந்து வைச்சா. ஆரோ வரப்போகினம் எண்டு நினைச்சன். அவ ஏப்ரனைக் கழட்டிப் போட்டிட்டு எனக்கு முன்னால இருந்திட்டா! ரெண்டு பேர் ஆச்சுதெல்லோ, இனிச் சாப்பாடு குடுக்கலாம். இறைச்சியைக் கத்திரிக்கோலால வெட்டி வெட்டி என்ர பக்கம் தள்ளினா. மீன்ல முள்ளெடுத்து என்ர சோத்துக்கு மேல வைச்சா. எனக்கு ஆர் கடைசியா முள்ளெடுத்துத் தந்தது எண்டு யோசிச்சன். மூக்கை உறிஞ்சிப்போட்டு, உறைப்பு எண்டு கையால காட்டிச் சமாளிச்சன்.

பக்கத்து மேசையில ஒரு கிழவர். நான் அந்த ஊர்ச் சாராயப் போத்திலை எடுத்து என்ர கிளாசுக்கு ஊத்தப் போக, எழும்பி வந்து பறிச்சுப் போட்டார். தன்ர கிளாசுக்குத் தானே ஊத்தக் கூடாதாம் அங்க. மற்ற ஆள்தான் ஊத்த வேணுமாம், அதுவும் ரெண்டு கையாலயும் பிடிச்சு. தனிய வந்தவனுக்கு ஆர் ஊத்துறது? அதுக்கெண்டே ஆள் தன்ர கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டார். பேந்து எங்கட சனம் மாதிரித்தான் கேள்வி: வயசென்ன, கலியாணம் கட்டியாச்சோ, பிள்ளையள் எத்தினை. போனில தமிழில சொன்னால் அது கொரியனில சொல்லும். நாங்கள் கதைக்கிற தமிழ் அதுக்கு விளங்காது, கண்டியளோ. கோயில்ல வாசகம் வாசிக்கிற மாதிரி நீட்டி முழக்கிச் சொல்ல வேணும். ஆம், எனக்கு மனைவி உள்ளார், எண்டு.

ஓம், இருக்கிறா. எனக்கும் ஒரு மனுசி இருக்கிறா. சுகமில்லை.

அண்டைக்கிருந்து ஒவ்வொரு நாளும் அங்கதான் சாப்பாடு. ரெண்டாம் நாளே ஹோட்டல் வேண்டாம் எண்டு அந்தக் கடைக்காரி வீட்டாக்கள் கடைக்கு மேல இருக்கிற தங்கட வீட்டில படுக்க விட்டினம். நிலத்துக்குக் கீழால சூடு வரும், பாயை விரிச்சுப் படுத்தால் முதுகு நோ பறந்து போகும். விடியக் கண் முழிச்சால் சுகமோ எண்டு கேக்க மாட்டினம், சாப்பிட்டீரோ எண்டுதான் கேப்பினம். பொய் சொல்லக் கூடாது, எனக்குச் சந்தோசமா இருந்தது. ஒரு பின்னேரம் முழுக்க மனுசியை நினைக்கவே இல்லை. இரவு பல்லுத் தீட்டேக்கதான் ஞாபகம் வந்தது. பிறகு கண்ணாடியில என்ர மூஞ்சியைப் பாக்கவே வெக்கமாப் போச்சு.

அந்தக் கடைக்கார மனுசி ஒருநாள் கேட்டா, உம்மட மனுசி சுகமில்லாமல் கிடக்க, நீர் ஏன் தனிய இஞ்ச வந்தனீர் எண்டு. கேக்கிறது ஞாயந்தானே. என்ர மகளும் அதைத்தான் கேட்டவள், அப்பா, உங்களுக்கும் மூளை பிழைச்சுப் போச்சோ எண்டு. நான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னன். என்ர மனுசி, தன்ர மனுசன் கொரியாவில நிக்கிறார் எண்டு எல்லாருக்கும் சொல்லுறா. நான் பக்கத்துக் கதிரையில இருக்க, எனக்கும் சொல்லுறா. அவ பொய் சொல்லுற ஆள் இல்லை. அதுதான் வந்தனான். வந்தால்தானே இஞ்ச இருந்து திரும்பிப் போகலாம்.

என்ன சிரிக்கிறியள்? நீங்கள்தான் சிரிக்கிறியள், அந்தக் கடைக்காரி சிரிக்கேல்லை. அந்த மனுசிக்கு விசரோ எண்டோ? அப்பிடிச் சொல்லாதேங்கோ. நல்ல மனுசி. அந்த மனுசன்தான் பாவம், ஓம், அதைச் சொல்லுங்கோ. உடனே போய் அவவைப் பாக்கட்டாமோ? பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

வெளிக்கிடேக்க கடைக்காரி இதைத் தந்து விட்டவ. கடல்ல எடுக்கிற பாசி, உப்புப் போட்டு வாட்டினது. கறுத்தக் கடதாசி மாதிரி இருக்கெண்டு பயப்பிடாதேங்கோ, வாயில வைச்சாக் கரைஞ்சு போயிடும். உம்மட மனுசிக்குக் குடும் எண்டா. சின்னத் துண்டு. நாக்கில வைச்சுப் பாருங்கோவன்… அம்மாடி, வாங்கிட்டியள்! அப்பிடித்தான். சப்புங்கோ. சப்பாட்டியும் பறவாயில்லை, விழுங்குங்கோ… துப்பாதேங்கோ, துப்பாதேங்கோ… சரி. துப்பிப் போட்டியள். பறவாயில்லை, நான் துடைக்கிறன். கையை எடுங்கோ.

எனக்குக் களைச்சுப் போச்சு. உண்மையாச் சொல்லுறன், களைச்சுப் போச்சு. பிளேன்ல வரேக்க முழுக்க, இந்தா பாரும், கொரியாவில இருந்து வந்திட்டன் எண்டு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான். பக்கத்தில இருந்த பெடிச்சி எனக்குத்தான் விசர் எண்டு நினைச்சிருப்பாள். வந்து சொன்னனான்தானே. இனி வேற எந்த நாட்டுக்குப் போறது?

அழாதேங்கோ. சரி, சரி, நான் கத்தேல்லை. அவரைத்தான் கேக்கிறியள், விளங்குது. திரும்பிப் போகேக்க விசாரிக்கிறன். போவன்தான், ஓம். ஆனால் பெரிய ஊர், பேர் இல்லாமல் ஆரை விசாரிக்கிறது? உங்கட மனுசன்ர பேர் என்ன? இவர், அவர் எண்டால் அங்க ஆருக்குத் தெரியும்? பேரைச் சொல்லுங்கோ. வெக்கமோ? புருசன்ர பேரை வாயால சொல்லாத ஆள் நீங்கள், எனக்குத் தெரியும். இமிக்கிரேசன்ல கேக்கேக்கயும் எழுதித்தான் காட்டினனீங்கள். நான் பிறத்தியான்தானே, எனக்குச் சொன்னால் என்ன? மெதுவாச் சொன்னாலும் போதும்.

எமிலியானுஸ்.

ம். இன்னொருக்காச் சொல்லுங்கோ. இல்லை, காது நல்லாத்தான் கேட்டது. கலியாணம் கட்டின நாளில இருந்து என்ர பேரை உங்கட வாயால இண்டைக்குத்தான் கேக்கிறன், அதுதான்.

என்ன? ஒண்டுமில்லை. ஓம், எமிலியானுஸ், மறக்கமாட்டன். கண்டால் வரச் சொல்லுறன்.