இனி ஊசி வேண்டாம், அம்மா

பெருவிரல் எங்கே போய் விழும் என்று தெரிந்துகொள்வதுதான் என் வேலை. கம்பெனிகள் அனுப்பும் மின்னஞ்சல் செய்திமடலை யாரும் வரி விடாமல் படிப்பதில்லை, ஸ்ரீகர் அண்ணா. கண் வழுக்கிக்கொண்டே வந்து அடியிலுள்ள பொத்தானில் நிற்கும். அதன் நிறம், அளவு, அதன்மேல் நாலு வார்த்தை. அவ்வளவும் என் பொறுப்பு.

உன் அம்மா ஏன் இன்சுலினை நிறுத்தினாள் என்று கேட்டாய். அதற்குத்தான் வருகிறேன்.

அமீர்பேட்டில் எங்கள் கம்பெனி சர்க்கரை நோய்க்கு ஒரு வேர்ப்பொடி விற்கிறது. "படிக்க வைக்காதே, பிந்து. அமுக்க வை," என்பார் மேலாளர் பணீந்திரா. நீ டல்லஸ் போன பிறகு உன் அம்மா, என் பின்னி, என்னோடுதானே இருந்தாள். புது மடல் எதுவானாலும் முதலில் அவள் போனுக்கு அனுப்பிப் பார்ப்பேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அவள் வயதுதான். சின்னம்மாவே வீட்டில் இருந்தது வசதியாகப் போயிற்று.

"இப்போதே வாங்குங்கள்" என்று ஆரஞ்சு நிறத்தில் வைத்தேன். பின்னி சீண்டவில்லை. "என்னடி இது, கூறுகட்டி விக்கிறவன் கூவுற மாதிரி?" என்று சிரித்தாள். "ஊசிக்கு விடைகொடுங்கள்" என்று பச்சையில் வைத்தபோது விரல் சற்றுத் தயங்கியது. பிறகு, "இனி ஊசி வேண்டாம், அம்மா" என்று மாற்றினேன்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பின்னி?"

"என் புள்ள சொல்ற மாதிரியே இருக்குடி." பிறகு கேட்டாள்: "நீ செஞ்சதுதானே. நெஜமாவே கேக்குமா?"

"எத்தனையோ பேர் வாங்குறாங்க பின்னி," என்றேன். அது பொய்யில்லை.

அழுத்தினாள். பொடி வந்தது. பால் எடுக்க பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் இன்சுலின் தொடாமல் இருப்பதைப் பார்த்தேன். பொடியில் வெந்தயமும் தவிடும் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊசிக்குத் திரும்பிவிடுவாள். அடுத்த டப்பாவுக்கும் அதே பொத்தானை அழுத்துவாளா என்பது தெரியாமலே போய்விடும். எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது.

அவள் இளைத்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். "பாத்தியா, ஒடம்பு எவ்ளோ லேசாயிடுச்சு," என்று பூரித்தாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் வரத் தொடங்கியது. நான் பச்சையை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன்.

மருத்துவமனையில் அவள் கண் திறக்கவே இல்லை. அந்த வாரம்தான் என் பொத்தானை எல்லா மடல்களிலும் வைக்கச் சொன்னார்கள்.

இப்போது எந்த மடலைத் திறந்தாலும் திரையில் அவள் விரல் வந்து நிற்கிறது. நகக்கண்ணில் மஞ்சள். பொத்தானை நகர்த்தினால் கூடவே நகர்கிறது. அழுத்துவதில்லை. திரையை அணைத்தால் இருட்டில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதனால் அணைப்பதில்லை.

தெரிந்தே செய்தாயா என்கிறாய். தெரிந்தேதான். ஆனால் இரண்டாவது டப்பாவுக்கும் அழுத்தியது அவள்தான், அண்ணா. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை, கை நடுங்கி விலகி விலகிப் போயிற்று. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.