லோயருக்குப் போட்ட புள்ளடி

கேகாலையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், என் முன்சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் கோர்ட்டுக் காகிதங்கள்.

"நம்ம லோயருக்கு ஓட்டுச்சீட்டுல புள்ளடி போட்டு எம்.பி. ஆக்குனோமே, அது பெரிய தப்பு," என்றார்.

"ஏங்கக்கா, நல்ல மனுசன்தானே?"

"நல்ல மனுசன்தான். என் காணி வழக்குல ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டுல பேசிட்டு, வெளிய வந்து எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுவாரு. இன்னைக்குப் புது லோயர், தமிழ் தெரியாதவரு. கடையில பேசுற சிங்களம் எனக்கு வெளங்கும், கோர்ட்டுல பேசுறது வெளங்குமா? தலையாட்டிட்டு வந்துட்டேன். எதுக்கு ஆட்டுனேன்னு தெரியல."

இளையவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அதுவும் சிங்களம்தான்.

"பார்லிமென்ட்ல நமக்காகப் பேசுறாரு இல்லையா?"

"பேசுறாரே. நேத்து டீவியில பார்த்தேன். கோர்ட்டுல தோட்டத்துச் சனங்களுக்குத் தமிழ்ல எடுத்துச் சொல்ல ஆளே இல்லைன்னு சத்தம் போட்டாரு."