காக்கா எடுத்தது

உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"செத்தவனுக்குச் சப்பாத்தி வச்சுப் படைச்சத இன்னிக்குத்தான்க்கா பாத்தேன்."

"யார் வூட்ல?"

"கன்னியம்மா வூட்ல. பட்டாளத்துல இருந்தானே அவ புள்ள பிரகாஷு, பார்டர் சண்டையில குண்டு பட்டுப் போனவன். அவனுக்கு வருசப் படையல்."

"அவன் சோறு துன்ற புள்ளையாச்சே! லீவுல வந்தா மூணு வேளையும் சோறுதான?"

"அவளும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தா. கூட இருந்த வடநாட்டுப் பையன் போன வாரம் போன் பண்ணிக்கிறான். 'அம்மா, அவனுக்குச் சப்பாத்தின்னா உசுரு, அங்க சோத்துப் பக்கமே வரமாட்டான்'னு சொல்லிட்டான். இவளுக்குக் கொயப்பம். ஒரே எலையில ரெண்டையும் வச்சிட்டு, மாடில நின்னு காக்காவக் கூப்ட்டா."

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது. காக்கா எதை எடுத்தது என்று தெரியாமல் எப்படி இறங்குவது? உட்கார்ந்தே இருந்தேன்.

"காக்கா இன்னா பண்ணுச்சி?"

"சோத்தத் திரும்பிக்கூடப் பாக்கலக்கா. சப்பாத்தியத் தூக்கிக்கினு போயி தென்ன மரத்துல குந்திக்கிச்சி."

"அய்யோ, அழுதாளா?"

"அழுவல. மரத்தையே அண்ணாந்து பாத்துக்கினு நின்னா. அப்பறம் காக்காவக் கேக்கறா, 'அப்போ லீவுல வந்து என் சோத்த அள்ளி அள்ளித் துன்னியே, அது எனக்கோசரமாடா?'"